துடைத்த பள்ளங்கள்

அவரை நினைத்தால் முகம் வருவதற்கு முன்னால் ஒரு துணியின் நாற்றம் வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் அது வெள்ளைத் துணியாக இருந்திருக்கலாம். நான் பார்த்தபோது சாம்பலுக்கும் சேற்றுக்கும் நடுவில் ஏதோ ஒரு நிறம். கால்சட்டையின் வலது பையில் எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும். பதுளை மழையில் நாலு நாள் காயாத துணிக்கு ஒரு வாடை உண்டே, அந்த வாடை. அதோடு வியர்வை, கடைச் சாப்பாட்டு எண்ணெய், மேசைத் தூசி எல்லாம் கூட்டுச் சேர்ந்திருக்கும். அதைக் கொண்டுதான் அவர் சுத்தம் செய்வார்.

உட்காருமுன் கதிரையைத் துடைப்பார். எழுதுமுன் பேனையைத் துடைப்பார். யாராவது கைகொடுத்தால், அவர்கள் திரும்பியதும் கையைத் துடைப்பார். துடைத்த இடத்தில் ஒரு மெல்லிய பிசுபிசுப்பு மிஞ்சும். காலையில் என் விசைப்பலகையில் விரல் ஒட்டினால், அவர் எனக்கு முன்பே வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

"சுத்தமா இருக்கணும் தங்கச்சி. சுத்தமா இருந்தாத்தான் நம்புவாங்க." இதை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லுவார்.

பதுளை டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆய்வுகூடம் இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் உதவியில் நடந்தது. மொத்தம் மூன்று பேர். அவர் பொறுப்பாளர், நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். நான் பௌதிகவியல் படித்துவிட்டு ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். மூன்றாவது ரொஷான். லுணுகலைக்காரர், சிங்களவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பகலில் எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்வார், மாலையில் சொந்த த்ரீவீல் ஓட்டுவார்.

என்ன வேலை என்று அப்பா கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "ஆகாயத்துல உள்ள பொருளெல்லாம் எப்படிக் கட்டி கட்டியாச் சேந்துச்சுன்னு கம்ப்யூட்டர்ல செஞ்சு பாக்குறோம்ப்பா" என்றேன்.

அப்பா தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் கொழுந்து உருட்டும் இடத்தில் இருபத்தாறு வருடம் நின்றவர். யோசித்தார். "உருட்டுறப்ப கொழுந்து கட்டி விழுற மாதிரியா?"

"அதேதாம்ப்பா."

"அப்ப கட்டி வரத்தான் செய்யும். அத ஒடச்சி, சலிச்சி, மறுபடி உருட்டணும். கட்டியே வரலன்னு ஒருத்தன் சொன்னான்னா, அவன் சல்லடையில போடவே இல்லைன்னு அர்த்தம்." சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார். என் பட்டத்துக்கு அப்பா கொடுத்த ஒரே அபிப்பிராயம் அதுதான்.

வேலை இதுதான். கணினிக்குள் ஒரு பெரிய பெட்டி. அதில் கோடிக்கணக்கில் மணிகள், கிட்டத்தட்டச் சமமாகப் பரப்பியவை. அங்கங்கே கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய. ஈர்ப்பு விசையை அவிழ்த்துவிட்டால், கூட உள்ள இடம் பக்கத்தில் இருப்பதை இழுத்துக்கொண்டு மேடாகும். குறைந்த இடம் இன்னும் இழந்து பள்ளமாகும். ஆனால் ஒரு பெட்டியை மட்டும் நம்ப முடியாது. அதில் தற்செயலாக ஒரு பெரிய மேடு விழுந்துவிட்டால் கணக்கெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் எதிர்ப்பெட்டி ஒன்று ஓட்டுவோம். முதல் பெட்டி கூட இருந்த இடத்தில் எல்லாம் குறைய வைத்துத் தொடங்கி, முழுவதையும் புதிதாக வளரவிடுவோம். நாங்கள் அவற்றை நேர்ப்பெட்டி, மறுபெட்டி என்று சொல்லிக்கொண்டோம். இரண்டின் சராசரியில் தற்செயல் பெரும்பாலும் கழிந்துபோகும், துல்லியம் ஏறும். தொலைநோக்கியில் வானத்தைப் பார்ப்பவர்கள், அங்கே கண்ணுக்குத் தெரியாத பொருள் எவ்வளவு என்று எங்கள் அட்டவணையை வைத்துத்தான் கணிக்கப்போகிறார்கள். மறுபெட்டிகள் என் பொறுப்பு. ஒன்று ஓடி முடிய ஆறு நாள் ஆகும்.

அவர் கெட்டிக்காரர். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் துணியை எடுத்துவிட்டேன் என்று ஆகிவிடும். இந்தக் கூடமே அவர் வாயால் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் பதுளையா, அது எங்கே என்று கேட்டவர்கள். அவர்களோடு ஒரு வருடம் பேசிப் பேசிக் கணினிகளை வாங்கிவிட்டார். கொழும்பிலிருந்து பற்றரிகள் வந்த அன்று லிப்ட் இல்லாத கட்டடத்தில் ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து ஏற்றினார். சட்டையெல்லாம் அழுக்கு. அன்று எனக்கு அவரைப் பிடித்துக்கூட இருந்தது.

ஆனால் அந்தப் பற்றரிகளோடு வரும் வழியில் பெரகல சந்தியில் சாப்பிட இறங்கினோம். ரொட்டி வந்தது. அவர் துணியை எடுத்துத் தன் தட்டைத் துடைத்தார். பிறகு நான் கையை நீட்டுமுன் என் தட்டையும் இழுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கழுவிக் காய்ந்து பளபளத்த தட்டில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு வளையம்.

"இவங்க ஒழுங்காக் கழுவ மாட்டாங்க தங்கச்சி. தோட்டத்து ஆளுக" என்றார், குரலைக்கூடத் தாழ்த்தாமல்.

நான் ரொட்டியைக் கையில் எடுத்துத் தட்டில் படாமல் தின்றேன். அவரிடம் எந்த ஊர் என்று கேட்டால் "டவுன்" என்பார். பதுளை டவுன். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு ஓர் அம்மா படியேறி வந்தார். கையில் ஒரு பை நிறையப் போஞ்சிக்காய். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி இருக்கானா?" என்று கேட்டார். சேரின் அதே நெற்றி, அதே முன்பல் இடைவெளி. அவர் எழுந்து ஓடினார். பையை வாங்கி, அந்த அம்மாவைத் தோளைப் பிடித்துத் திருப்பி, படி வரைக்கும் தள்ளாத குறையாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"எங்க வீட்டுல முந்தி வேல செஞ்சவங்க" என்றார். பிறகு குனிந்து, அந்த அம்மாவின் ஈரப் பாதம் பதிந்த இடத்தைத் துடைத்தார். வாசலிலிருந்து மேசை வரைக்கும், ஒவ்வொரு பாதமாக. துடைத்த துணி பைக்குள் போனது. போஞ்சியை மாலையில் மறக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

ரொஷான் பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "அது சேர்ட அக்கா மிஸ். நம்ம லுணுகல பக்கம் தோட்டம். லயத்துல, அந்த லைன் வீட்டுல இருக்கிறது. சேர படிக்க வச்சதும் அவங்கதான், கொழுந்து எடுத்து."

அன்றிலிருந்து அந்தத் துணியைக் கண்டால் எனக்குக் குமட்டும். அதற்கு முன் வெறும் அருவருப்புத்தான்.

அட்டவணை முடியும் தறுவாயில் அப்பா போய்விட்டார். மூச்சு வாங்குது என்று சொன்னவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பாதையிலேயே முடிந்துவிட்டது. இன்னும் மூன்று மறுபெட்டிகள் பாக்கி இருந்தன. அவை முடிந்தால் என் புலமைப்பரிசிலுக்குச் சேர் சிபாரிசுக் கடிதம் எழுதவேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் நான் மேல்படிப்புக்கு எங்கேயும் போக முடியாது. அப்பாவுக்கும் அது தெரியும். கடைசியாகப் பேசியபோதுகூட, "கடுதாசி குடுத்துட்டாரா?" என்றுதான் கேட்டார்.

கேதத்துக்குச் சேர் வந்தார். ரொஷான் தன் த்ரீவீலில் பதுளையிலிருந்து அவ்வளவு தூரம் ஏற்றிக்கொண்டு வந்தார். லயத்து வாசலில் தறப்பாள் கட்டி, கோயிலிலிருந்து கொண்டுவந்த கதிரைகள் போட்டிருந்தார்கள். தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு கதிரையைத் தூக்கி அவர் முன்னால் போட்டு, "உக்காருங்க சேர்" என்றார்.

அவர் பைக்குள் கையை விட்டார். சேர், இங்கே வேண்டாம் என்று நினைத்தேன், வாயில் வரவில்லை. கதிரையின் இருக்கையைத் துடைத்தார். இரண்டு கைகளையும் துடைத்தார். முதுகைத் துடைத்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அண்ணி விருந்தாளிக்கென்று வைத்திருந்த பூப்போட்ட கப்பில் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கப்பின் விளிம்பையும் துணியால் சுற்றிச் சுற்றி இரண்டு தடவை துடைத்தார். பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"யாரு இந்த ஆளு?" என்று அண்ணன் என் காதில் கேட்டார்.

"எங்க சேர்."

"வேலைக்கு ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா?"

லயத்தில் பிறந்து, லயத்துக் கொழுந்துக் கூலியில் படித்தவர், எங்கள் லயத்தில் வந்து கப்பைத் துடைத்தார். தெரியாமல் செய்பவரை மன்னித்துவிடலாம். போகும்போது என் தலையைத் தொட்டு, "மறுபெட்டிய நாங்க பாத்துக்குறோம் தங்கச்சி. பதினாறு முடிச்சிட்டு வா" என்றார். அவர்கள் புறப்பட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து அப்பாவைக் குழிக்குக் கொண்டுபோனார்கள்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து நான் கூடத்துக்குப் போனபோது மூன்று மறுபெட்டிகளும் முடிந்திருந்தன. அட்டவணை வெளிநாட்டுக்கும் போய்விட்டிருந்தது. சந்தோஷப்பட்டேன். திறந்து பார்த்தேன்.

பெட்டியைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறையிலும் பொருள் எவ்வளவு என்று எண்ணுவது எங்கள் வழக்கம். எங்கள் அறைகள் பெரியவை. எவ்வளவு ஆழமான பள்ளத்திலும் பெயருக்குச் சில மணிகளாவது இருக்கும். இந்த மூன்றிலோ பூச்சியம், பூச்சியம், பூச்சியம். ஒரு மணிகூட இல்லாத அறைகள் ஆயிரக்கணக்கில். மேடுகளைப் பார்த்தேன். எதுவும் சராசரியின் இரண்டு மடங்கைத் தாண்டவில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைபோல எல்லாம் ஒரே மட்டம். நேர்ப்பெட்டியையும் மறுபெட்டியையும் கூட்டினால், பூச்சியம் விழுந்த இடங்களைத் தவிர மற்ற எல்லா அறையிலும் அச்சடித்த மாதிரி ஒரே எண் வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. மறுபெட்டி ஓடவே இல்லை. ஓடி முடிந்த நேர்ப்பெட்டியை எடுத்து, மேட்டைப் பள்ளமாக, பள்ளத்தை மேடாக அப்படியே கவிழ்த்திருக்கிறார். தொடக்கத்தில் அப்படிக் கவிழ்க்கலாம், அதுதான் முறையே. முடிவில் கவிழ்க்க முடியாது. மேடு எவ்வளவு உயரமும் வளரும். பள்ளத்துக்கு அடி உண்டு, வெறுமைக்குக் கீழே அது போகாது. பெரிய மேட்டைக் கவிழ்த்தால் இல்லாததைவிடக் குறைவான பொருள் என்று விடை வரும், மைனஸில். அந்த மைனஸ்களைத்தான் காணவில்லை.

எந்தப் பயனர் கணக்கிலிருந்து இது நடந்தது என்று பார்த்தேன். என் பெயர். பொறுப்பாளர் என்று அவரிடம் எழுதிக் கொடுத்து வைத்திருந்த என் கடவுச்சொல். அப்பாவைப் புதைத்த அன்று மாலை.

"சேர், இந்த மூணு மறுபெட்டியும் ஓடினதா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"பூச்சியமா இருக்கு சேர்."

"மைனஸ் வந்துச்சு தங்கச்சி. பாக்க அசிங்கமா இருந்துச்சு. தொடச்சிட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "கரண்ட் போச்சு, ஜெனரேட்டருக்கு டீசல் இல்ல. நீ ஓட விட்டுட்டுப் போனது நாசமாப் போச்சு. குடுக்க வேண்டிய திகதி கிட்ட வந்துருச்சு. நான் என்னா பண்ண?"

"ஓடலன்னு எழுதியிருக்கலாமே சேர்."

"எழுதினா? அங்க ஒரு அசிங்கம் நிக்கும்ல. நம்ம எடத்தப் பத்தி என்னா நெனைப்பாங்க?"

"என் பேருல ஏன் செஞ்சீங்க?"

"நீதானே மறுபெட்டிக்குப் பொறுப்பு? ஒனக்குத்தான் நல்லது. அப்பா செத்த வாரத்துலயும் வேலைய விடாத புள்ளன்னு கடிதத்துல எழுதியிருக்கேன். அழுகையே வந்துரும், வாசிச்சா."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். என் அப்பாவின் சாவையும் ஒரு துடை துடைத்து, பளபளப்பாக்கி, கடிதத்துக்குள் வைத்திருக்கிறார். எனக்கு வாந்தி வந்தது. உண்மையாகவே கீழே ஓடிப்போய்ப் புடவைக் கடைக்காரரின் பின்கட்டில் வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. ஒரு மாதம். கடிதம் இன்னும் அனுப்பப்படவில்லை, அவருடைய மேசையில் இருந்தது. அது போய்விட்டால் நானும் போய்விடலாம், பிறகு எங்கேயாவது இருந்துகொண்டு உண்மையைச் சொல்லலாம் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன். காலையில் "குட் மோர்னிங் சேர்" என்றேன். ரொஷானின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். அந்த ஒரு மாதம் அவர்மேல் இருந்ததைவிட என்மேல்தான் அருவருப்பு அதிகம்.

பிறகு வெளிநாட்டுப் பேராசிரியை கூட்டத்துக்கு அழைத்தார். திரையில் பேராசிரியை, இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். சேர் புதுச்சட்டை போட்டிருந்தார், பாராட்டப்போகிறார்கள் என்று. பேராசிரியை சுற்றி வளைக்கவில்லை. கடைசி மூன்று மறுபெட்டிகளில் இவ்வளவு பூச்சியம் எங்கிருந்து வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சேர் ஒரு கணம்கூடத் திகைக்கவில்லை. துணி வெளியே வந்தது, மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தது. "அவை இந்தப் பெண் ஓட்டியவை. பதிவேட்டில் இவருடைய பெயர் இருக்கும். வீட்டில் ஒரு துக்கம், கவனம் சிதறியிருக்கலாம். நான்தான் சரிபார்த்திருக்க வேண்டும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பெருந்தன்மையோடு சொன்னார்.

"நான் ஓட்டவில்லை" என்றேன். நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன். "பதிவில் உள்ள நாளில் என் அப்பாவை அடக்கம் செய்தோம். நான் தோட்டத்தில் இருந்தேன். அங்கே போன் சிக்னல் கிடைக்காது. இவருக்குத் தெரியும், இவர் அங்கே வந்திருந்தார்."

பேராசிரியை அவரைப் பார்த்தார். அவர் தலையை மெல்ல ஆட்டினார். "இல்லையே. நான் எந்த அடக்கத்துக்கும் போகவில்லை. பாவம், குழம்பிப்போயிருக்கிறார்."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போஞ்சிப் பையோடு வந்த அக்காவைத் துடைத்த அதே லேசான குரல். நான் அவர் பக்கம் திரும்பித் தமிழில் கத்திவிட்டேன்.

"வரலியா சேர்? எங்க வாசல்ல கதிரையத் தொடச்சிட்டு உக்காந்தது யாரு? எங்க அண்ணி குடுத்த கப்பத் தொடச்சிக் குடிச்சது யாரு? எங்கப்பா பொணம் உள்ள கெடந்துச்சு சேர்!"

அவர் திரையைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் புன்னகைத்தார். அப்போது எனக்குப் பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. ரொஷான் எழுந்து நின்றார். கூட்டங்களில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. உடைந்த ஆங்கிலத்தில், சொல் சொல்லாக, பேராசிரியையிடம் சொன்னார்.

"மேடம், அன்று இவரை அந்த மரண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். என் த்ரீவீலில். பொழுது சாயும் நேரம் இங்கே கொண்டுவந்து இறக்கினேன். இவர் மேலே வந்து கணினியைத் திறந்தார். மிஸ் இங்கே இல்லை."

சேரின் கை மேசையில் துணியை ஓட்டிக்கொண்டே இருந்தது, ஒரே இடத்தில், வட்டமாக.

அட்டவணையை நிறுத்திவிட்டார்கள். மூன்று மறுபெட்டிகளையும் முதலிலிருந்து உண்மையாக ஓட்டும்படி எனக்குச் சொன்னார்கள். அவருக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மாதத்தில் கொழும்பில் இதைவிடப் பெரிய பதவி ஒன்றுக்குப் போய்விட்டார். போகும்போது பதுளையில் நாலு பேர் மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். என் கடிதம் அவரோடு போய்விட்டது, புலமைப்பரிசிலும் அந்த வருடத்தோடு சரி. துணியை மட்டும் என் விசைப்பலகையின் மேல் விட்டுவிட்டுப் போயிருந்தார். ரொஷான் அதை ஈர்க்குமாற்றுக் குச்சியால் தூக்கிக் குப்பைக்குக் கொண்டுபோனார்.

மின்வெட்டுக்கு நடுவே விட்டு விட்டு ஓட்டி, மூன்றையும் முடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தன. எங்கள் துல்லியம் அவர் காட்டியதைவிடக் குறைவாகவே வந்தது. மேடுகள் தாறுமாறாக ஏறியிருந்தன. ஆழமான பள்ளத்தில்கூட ஐந்தாறு மணிகள் மிச்சம் இருந்தன. ஒரு பூச்சியமும் இல்லை. அப்படியே அனுப்பினேன்.

அப்பாவின் வருஷத் திவசத்துக்கு வீட்டுக்குப் போனேன். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் டீ ஊற்றியதில் கப்கள் தீர்ந்துவிட்டன. மேல் தட்டில் அந்தப் பூப்போட்ட கப் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. எட்டி எடுத்தேன்.

"அது வேணாம் புள்ள" என்றார் அண்ணி. "சாம்பல் போட்டு மூணு தடவ வெளக்கிட்டேன். ஒங்க அண்ணன் தொட மாட்டேங்குறாரு. தூக்கிப் போடவும் மனசு வரல. ஒனக்கு டம்ளர்ல தாரேன்."

"இதுலயே ஊத்துங்க அண்ணி."

ஊற்றினார். வாயருகே கொண்டுபோனதும் அந்த வாடை வந்தது. கப்பில் இல்லை, எனக்குத்தான் வந்தது. ஒரு மாதம் மூடிக்கொண்டு இருந்த வாயும் இதுதானே என்று நினைத்துக்கொண்டு, விளிம்பைத் துடைக்காமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். பிறகு கழுவி மற்றக் கப்களோடு சேர்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்து, பார்க்காமலே அதை எடுத்து, டீ ஊற்றிக்கொண்டு வெளியே போனார்.